ஏ லெவலில் ஆங்கில மொழியையும் இலக்கியத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஏ லெவல் என்பது பல்கலைக்கழகத்துக்கு முன் இங்கிலாந்தில் இரண்டு ஆண்டுகள் படித்து எழுதும் தேர்வு. நான் இந்தப் பாடத்தை ஏ லெவலில் எழுதியவள். இப்போது வட லண்டனில் சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். தடுக்கி விழும் இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. பாதிப் பேர் பின்னால் செய்யவேண்டியதை முன்னால் செய்து சிக்கிக்கொள்கிறார்கள். ஆகவே இங்கே எதை எதற்குப் பின் செய்வது என்பதற்கே முதலிடம்.

1. எந்தப் பாடம் என்பதை உறுதிசெய்யுங்கள்

இங்கிலாந்தின் சிக்ஸ்த் ஃபார்ம்களில், அதாவது பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டு வகுப்புகளில், ஆங்கிலம் என்ற பெயரில் மூன்று ஏ லெவல்கள் உண்டு. மொழி மட்டும், இலக்கியம் மட்டும், இரண்டும் இணைந்தது. விண்ணப்பப் படிவத்தில் மூன்றும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். தவறான வரியில் குறியிட்டுவிட்டு அக்டோபரில் வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மொழிப் பாடத்தில் குழந்தைகள் பேசக் கற்பது, ஆங்கிலம் காலந்தோறும் மாறுவது போன்றவை வரும். பாடநூலாக நாவல் இராது. இலக்கியப் பாடத்தில் நாவலும் கவிதையும் நாடகமும் நிறைய. மொழியியல் கலைச்சொற்களை யாரும் கட்டாயமாக எதிர்பார்ப்பதில்லை. இணைப்புப் பாடத்தில் நாவல், கவிதை, நாடகத்துடன் பயண எழுத்து, நினைவுக் குறிப்பு, பேச்சின் எழுத்துப்படி எல்லாம் வரும். இவை அத்தனையையும் மொழியியல் கருவிகளைக் கொண்டு படிக்கவேண்டும்.

பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, “பாதி மொழி, பாதி இலக்கியமா?” என்பது. இல்லை. ஒவ்வொரு விடையிலும், ஏறக்குறைய ஒவ்வொரு பத்தியிலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும். இதைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்ட பிள்ளை இரண்டு ஆண்டுகளும் திணறும். இந்த வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கும் எண்ணம் இருந்தால், நீங்கள் குறிவைக்கும் படிப்புகளின் நுழைவுத் தகுதியை இப்போதே பாருங்கள். பல இடங்களில் இணைப்புப் பாடத்தை ஏற்கிறார்கள். சில இடங்களில் இலக்கியத்தைக் கேட்கலாம். பெரும்பாலான பள்ளிகள் இதனுடன் மொழியையோ இலக்கியத்தையோ தனிப் பாடமாகச் சேர்த்து எடுக்க விடுவதில்லை. எனவே பின்னால் ஒன்றைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று எண்ணவேண்டாம்.

2. தேர்வு வாரியம் எது என்று கேளுங்கள்

ஏக்யூஏ, பியர்சன் எடெக்செல், ஓசிஆர், எடுக்வாஸ் ஆகிய நான்கு வாரியங்கள் இந்தப் பாடத்தை நடத்துகின்றன. நூல்களும் வேறு, தாள்களின் அமைப்பும் வேறு. நான்கிலும் பொதுவானது ஒன்று: பள்ளியில் எழுதும் ஆய்வு அல்லது படைப்புப் பணிக்கு 20 விழுக்காடு, மீதி 80 தேர்வுக்கு.

வாரியத்தைக் கேட்காமல் இணையத்தில் குறிப்பு தேடுவதுதான் முதல் பெரிய தவறு. ஒரு பெண் எடெக்செல் குறிப்புகளை மூன்று மாதம் மனப்பாடம் செய்திருந்தாள். அவளுடைய பள்ளியோ ஏக்யூஏ. குறிப்பு நல்ல குறிப்புதான். அவள் எழுதப்போகும் தேர்வுக்கு உரியதல்ல.

வாரியத்தின் பெயர் தெரிந்ததும் அதன் இணையதளத்திலிருந்து நான்கை இறக்கிக்கொள்ளுங்கள்: பாடத்திட்டம், பழைய வினாத்தாள், மதிப்பெண் வழங்கும் முறை, தேர்வாளர் அறிக்கை. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் படிப்பதில்லை. சென்ற முறை எழுதியவர்கள் எங்கே கோட்டைவிட்டார்கள் என்று தேர்வாளரே எழுதிவைத்திருப்பதை விட்டுவிட்டு, காசு கொடுத்து வழிகாட்டி நூல் வாங்குகிறோம்.

இனி நான் சொல்லும் எடுத்துக்காட்டுகள் ஏக்யூஏ வாரியத்தின் 7707 பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை. அதன் அமைப்பு இது. முதல் தாள் 3 மணி நேரம், 100 மதிப்பெண், 40 விழுக்காடு: பாரிஸ் நகரைப் பற்றிய தொகுப்புக்கு 40, நாவலுக்கு 35, கவிதைக்கு 25. இரண்டாம் தாள் 2 மணி 30 நிமிடம், 100 மதிப்பெண், 40 விழுக்காடு: பாடநூலின் ஒரு பகுதியை வேறு பார்வையில் எழுதும் மறுபடைப்புக்கு 25, அதற்கான விளக்கவுரைக்கு 30, நாடகத்துக்கு 45. பள்ளியில் எழுதும் ஆய்வுக்கு 50 மதிப்பெண், 20 விழுக்காடு. வேறு வாரியமென்றால் எண்கள் மாறும். வேலையின் வரிசை மாறாது.

3. வகுப்பு தொடங்கும் முன் இலக்கணத்தைச் சரிசெய்யுங்கள்

பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வு முடிந்த கோடையில் நாவல்களைப் படித்துத் தள்ளுவது வழக்கம். படியுங்கள், தவறில்லை. ஆனால் அந்த ஆறேழு வாரங்களில் கட்டாயம் செய்யவேண்டிய வேலை இலக்கணம். செப்டம்பரில் ஆசிரியர் நேரே உரையலசலுக்குப் போய்விடுவார். வினையடையையும் பெயரடையையும் பிரிக்கத் தெரியாதவருக்கு அங்கே கால் ஊன்ற இடமிருக்காது.

தேவையானவை அதிகமில்லை. சொல்வகைகள், எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி வாக்கியங்கள், தனி, கூட்டு, கலவை வாக்கியங்கள், செய்வினை, செயப்பாட்டுவினை, காலங்கள், கட்டாயம், வாய்ப்பு போன்றவற்றை உணர்த்தும் மஸ்ட், மே, மைட், ஷுட் போன்ற மோடல் துணைவினைகள். நாளுக்கு இருபது நிமிடம் போதும். இலக்கணப் பயிற்சிநூலில் செய்வதைவிட, பாலாடைக்கட்டிப் பெட்டியில் இருக்கும் வாசகத்தையோ பஸ் நிறுத்த அறிவிப்பையோ எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பின்னால் தேர்வில் வருவதும் இப்படிப்பட்ட உயிருள்ள எழுத்துதான்.

தமிழில் இலக்கணம் படித்துவிட்டு இங்கே வந்த பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்களுக்கு இதில் முன்கூட்டியே கொஞ்சம் சொத்து இருக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை தெரியும். அந்த, இந்த என்ற சுட்டுத் தெரியும். செயப்பாட்டுவினை தெரியும். ஆங்கிலப் பெயரை மேலே ஒட்டிக்கொண்டால் போதும். கவனிக்கவேண்டிய இடம் பெயரெச்சம். ‘நேற்று வந்த பெண்’ என்பதில் விளக்கம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னால் ஒரு துணைவாக்கியமாக நீண்டுபோகும். நீண்ட வாக்கியத்தில் முதன்மை வினை எது என்று தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழிதவறுகிறார்கள்.

4. ஆறு அடுக்குக் குறிப்பேடு தொடங்குங்கள்

பாடத்திட்டம் மொழியை அடுக்குகளாகப் பார்க்கச் சொல்கிறது: ஒலி, எழுத்தின் தோற்றம், சொல்லும் பொருளும், இலக்கணம், பிராக்மாட்டிக்ஸ், டிஸ்கோர்ஸ். பிராக்மாட்டிக்ஸ் என்பது சொல்லப்பட்டதற்கு அடியில் உணர்த்தப்பட்டதைப் பார்ப்பது. ‘கதவு திறந்திருக்கிறதே’ என்று அம்மா சொன்னால் அது தகவல் இல்லை, மூடச் சொல்வது. டிஸ்கோர்ஸ் என்பது வாக்கியத்தைத் தாண்டிய கட்டமைப்பு: கதை எங்கே தொடங்குகிறது, பேச்சில் யார் முறையை யார் பறிக்கிறார், பத்திகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன.

குறிப்பேட்டில் அடுக்குக்கு ஒரு பகுதி விடுங்கள். புதுக் கலைச்சொல் வரும்போதெல்லாம் மூன்றை எழுதுங்கள்: சொல், ஒரு வரி விளக்கம், நீங்களே கண்டெடுத்த எடுத்துக்காட்டு. மூன்றாவதுதான் முக்கியம். ஆசிரியர் கொடுத்த எடுத்துக்காட்டையே எழுதிவைத்தவர், புதிய பகுதியில் அதே அம்சம் வேறு உடையில் வந்தால் அடையாளம் காண மாட்டார்.

நூறு கலைச்சொற்களைச் சேர்ப்பதில் பெருமை வேண்டாம். முப்பது சொற்களைப் பிழையின்றிக் கையாள்கிறவர் மேலே போவார். கலைச்சொல்லைத் தவறான இடத்தில் ஒட்டுவதைவிட, ‘இந்த வாக்கியம் துண்டு துண்டாக இருக்கிறது’ என்று எளிமையாகச் சொல்வதே மேல்.

5. ஒரு பகுதியை மூன்று முறை படியுங்கள்

முதல் முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். முடித்ததும் ஒரு வரி எழுதுங்கள்: இது என்னை என்ன செய்தது? சிரிக்க வைத்ததா, சந்தேகப்பட வைத்ததா, எழுதியவர்மீது எரிச்சல் வந்ததா? இந்த ஒரு வரிதான் பின்னால் உங்கள் வாதமாக வளரும்.

இரண்டாம் முறை சூழலுக்காக. யார் எழுதியது, யாருக்கு, எதற்காக, பேச்சா எழுத்தா, எந்த வகை? பேச்சின் எழுத்துப்படியில் வரும் தயக்கத்தைப் பலர் ‘பேச்சாளர் திறமையற்றவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். திட்டமிடாத பேச்சு எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு நாவல் பாத்திரம் தயங்கினால் அது வேறு கதை. அந்தத் தயக்கத்தை ஓர் எழுத்தாளர் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

மூன்றாம் முறைதான் பென்சில். முதல் வாசிப்பில் உணர்ந்ததை எந்த மொழி அம்சம் உண்டாக்கியது என்று தேடுங்கள். தேடிக்கொண்டு போகிற பொருள் முன்கூட்டியே தெரிவதால் கண் அலையாது. எடுத்த எடுப்பிலேயே நிறப் பேனாவால் எல்லாப் பெயரடைகளையும் அடிக்கோடிடுகிறவர் அரை மணி நேரம் வேலை செய்ததாக நினைப்பார்; பக்கம் மயில் தோகை போல இருக்கும்; சொல்ல ஒன்றும் இருக்காது.

6. பத்தியை இந்த வரிசையில் எழுதுங்கள்

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான். ஒரு சிறிய வாசகத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளி வாசலில் ஓர் அறிவிப்பு: ‘பேரண்ட்ஸ் ஆர் ஆஸ்க்ட் நாட் டு பார்க் ஹியர்.’ பெற்றோர் இங்கே வண்டி நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

புதிதாக வருகிறவர் எழுதுவது இப்படி இருக்கும்: “இதில் செயப்பாட்டுவினை இருக்கிறது. ‘பேரண்ட்ஸ்’ என்பது பன்மைப் பெயர்ச்சொல். இது வாசகரின் கவனத்தை ஈர்க்கிறது.” மூன்று வாக்கியமும் பிழையில்லை, மூன்றாலும் பயனில்லை. கவனத்தை ஈர்க்காத அறிவிப்பு உலகில் ஏது?

இலக்கியம் மட்டுமே பழகியவர் வேறு பக்கம் சாய்வார்: “பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையிலான அதிகாரப் போராட்டத்தை இது காட்டுகிறது.” எங்கே காட்டுகிறது, எந்தச் சொல்லில்?

இரண்டையும் சேர்த்தால்: “கேட்பது யார் என்று அறிவிப்பு சொல்லவில்லை. செயப்பாட்டுவினையில் செய்பவரை விட்டுவிட்டதால், வேண்டுகோள் ஒரு மனிதருடையதாக இல்லாமல் நிறுவனத்தின் குரலாகிறது. வாதிட எதிரே ஆளில்லை. முன்னிலையில் ‘யூ’ என்று விளிக்காமல் படர்க்கையில் ‘பேரண்ட்ஸ்’ என்பதால் விரல் நீட்டும் கடுமை குறைகிறது. ‘ஆஸ்க்ட்’ என்ற வினை தடையைக் கோரிக்கையாகப் போர்த்துகிறது. நாளைக்கும் இதே பெற்றோரை இதே வாசலில் பார்க்கவேண்டிய பள்ளிக்கு உத்தரவும் வேண்டும், உறவும் வேண்டும்.”

வரிசையைக் கவனியுங்கள். முதலில் விளைவு, பிறகு அதை உண்டாக்கும் சொல், பிறகு அதன் கலைச்சொல், கடைசியில் இந்தச் சூழலில் ஏன் இப்படி என்ற காரணம். கலைச்சொல்லில் தொடங்கினால் பத்தி பட்டியலாகிவிடும். காரணத்தில் தொடங்கினால் ஆதாரமில்லாத பிரசங்கமாகிவிடும்.

பயிற்சிக்கு வாரம் மூன்று பத்தி போதும், முழுக் கட்டுரை வேண்டாம். ஏ லெவலின் முதல் ஆண்டான பன்னிரண்டாம் ஆண்டின் முதல் பருவம் முழுவதும் பத்தி மட்டுமே எழுதவைத்த பிள்ளைகள், நேரே கட்டுரைக்குப் போனவர்களை ஈஸ்டருக்குள் தாண்டிவிடுகிறார்கள்.

7. எந்தப் பிரிவில் எதைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள்

மதிப்பெண்கள் ஏஓ எனப்படும் ஐந்து மதிப்பீட்டு நோக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஏஓ1 கலைச்சொல்லும் தெளிவான எழுத்தும், ஏஓ2 பொருள் எப்படி உருவாக்கப்படுகிறது, ஏஓ3 சூழல், ஏஓ4 பிரதிகளுக்கிடையே தொடர்பு, ஏஓ5 படைப்புத் திறன். எல்லாப் பிரிவிலும் ஐந்தும் இல்லை. இதைப் பார்க்காமல் எழுதுவது, விலைப்பட்டியலைப் பார்க்காமல் கடையில் பையை நிரப்புவது போல.

கவிதைப் பிரிவில் ஏஓ1, ஏஓ2 மட்டுமே. கவிஞரின் வாழ்க்கை வரலாற்றை ஒரு பக்கம் எழுதினால் சூழலுக்கென்று மதிப்பெண் கிடைக்காது. இரண்டு கவிதைகளைப் பற்றி எழுதவேண்டும். ஆனால் ஒப்பீட்டுக்குத் தனி மதிப்பெண் இல்லாததால் ஒவ்வொரு வரியிலும் ‘இதைப் போலவே’ என்று முடிச்சுப் போடத் தேவையில்லை. குரலைத் தேடுங்கள். ஆங்கிலக் கவிஞர் பிரௌனிங்கின் நாடகத் தனிமொழிகள் பலவற்றில் பேசுகிறவர் எதிரே ஒருவர் பேசாமல் இருப்பார். அவர் இருப்பது நமக்கு எப்படித் தெரிகிறது? சுட்டுச் சொற்களாலும், கேள்விகளாலும், விளியாலும். அங்கே கை வையுங்கள்.

பாரிஸ் தொகுப்பு நேர்மாறு. இங்கே சூழலும் ஒப்பீடும் கட்டாயம். இரண்டு பகுதிகளை அடுத்தடுத்து அலசிவிட்டுக் கடைசியில் ஒரு பத்தியில் ஒப்பிடுவது வழக்கமான பிழை. நோக்கம், வாசகர், பேச்சா எழுத்தா என்று ஒவ்வொரு கோணத்திலும் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுங்கள்.

நாவலில் கதையைத் திருப்பிச் சொல்வதுதான் நோய். மருந்து, ‘யார் சொல்கிறார், யாரிடம்?’ என்ற கேள்வி. 1818இல் வெளியான மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனில், வால்டன் என்ற கடலோடி தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்களுக்குள் விக்டரின் கதை. அதற்குள் அவன் படைத்த உயிரின் கதை. அந்த உயிர் சொல்லும் கதை இருவரின் கைமாறித்தான் நம்மிடம் வருகிறது. இதை ஒரு பெட்டிக்குள் பெட்டியாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். வினாத்தாள் ஒரு பகுதியைக் குறித்துக் கேட்கும். அதிலிருந்து நாவலின் மற்ற இடங்களுக்குப் போகவேண்டும். குறித்த பகுதிக்குள்ளேயே சுற்றி வருகிறவர்களும் உண்டு, அதைத் தொடாமலே முழு நாவலுக்கும் ஓடுகிறவர்களும் உண்டு. இருவருக்கும் இழப்புதான்.

நாடகம் எனக்குப் பிடித்த பிரிவு, கொஞ்சம் நீட்டுகிறேன். பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவதை உண்மையான உரையாடலைப் போல் அலசவேண்டும். இதற்கு இரண்டு கருவிகள் நிறையப் பயன்படும். ஒன்று மொழித் தத்துவ அறிஞர் கிரைஸ் 1975இல் வெளியிட்ட ஒத்துழைப்புக் கொள்கை: பேசுகிறவர் தேவையான அளவு, உண்மையாக, தொடர்புடன், தெளிவாகப் பேசுவார் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார்; அது மீறப்படும்போது உட்பொருளைத் தேடுகிறார். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தின் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில், ஒத்தெல்லோவைச் சூழ்ச்சியால் கெடுக்கும் இயாகோ பதில் தராமல் ஒத்தெல்லோவின் சொல்லையே அவனிடம் திருப்பிச் சொல்கிறான். தரவேண்டிய அளவைவிடக் குறைவாகத் தருகிறான். அந்தக் குறையில் ஒத்தெல்லோ தானே சந்தேகத்தை ஊற்றி நிரப்பிக்கொள்கிறான். இப்படி எழுதினால் நாடகமும் மொழியியலும் ஒரே வரியில் வந்துவிடும்.

இன்னொன்று, மொழி ஆய்வாளர்கள் பிரௌன், லெவின்சன் ஆகியோரின் பணிவுக் கோட்பாடு. இதன் மையச் சொல் ‘ஃபேஸ்’, முகம். இதைப் புரியவைக்க மற்ற மாணவர்களிடம் அரை மணி நேரம் ஆகும். தமிழ்ப் பிள்ளைகளிடம் ‘முகதாட்சண்யம்’ என்ற ஒரு சொல் போதும். முகத்தில் அடித்தாற்போல் பேசுவது, முகம் கொடுத்துப் பேசாதது எல்லாம் நம் வீட்டில் அன்றாடம் நடப்பவை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆய்வுக்கு அடித்தளமாக இருந்த மூன்று மொழிகளில் ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்ட்டாலோடும் கோவைப் பகுதித் தமிழும் ஒன்று. லண்டன் வகுப்பறையில் அதை வேற்றுக் கோட்பாடாக நினைத்து நம் பிள்ளைகள் பயப்படுவதைப் பார்க்கச் சிரிப்பு வரும்.

கோட்பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். யார் யாருடைய முகத்தைக் காக்கிறார், எதற்காக, அடுத்த வரியில் அதிகாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று முடித்துக்காட்டுங்கள்.

8. மறுபடைப்பு: எழுதும் முன் விளக்கவுரையைத் திட்டமிடுங்கள்

பாடநூலின் ஒரு பகுதியை வேறு பாத்திரத்தின் பார்வையிலோ வேறு வடிவிலோ எழுதவேண்டும். பிறகு உங்கள் மொழித் தேர்வுகளை நீங்களே விளக்கவேண்டும். படைப்புக்கு 25, விளக்கத்துக்கு 30. விளக்கத்துக்குத்தான் அதிகம் என்பதைக் கவனிக்காமல் பலர் கதையில் உருகி நேரத்தைக் கரைக்கிறார்கள்.

சரியான வரிசை இது. முதலில் மூலப் பகுதியில் சொல்லப்படாமல் விடப்பட்டது எது என்று குறியுங்கள். அடுத்து, விளக்கத்தில் பேச நான்கு மொழித் தேர்வுகளை முடிவுசெய்யுங்கள்; அவை வேறு வேறு அடுக்குகளைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். ஒன்று மோடல் வினை, ஒன்று சுட்டு, ஒன்று வாக்கிய நீளம் என்பதுபோல. அதன்பின் எழுதுங்கள். எழுதி முடித்தபின் ‘இதில் நான் என்ன செய்திருக்கிறேன்?’ என்று துப்பறிவது நேர விரயம்.

மூல நூலின் நிகழ்வுகளை மாற்றாதீர்கள். பாத்திரம் அறிந்திருக்க முடியாத செய்தியை அதன் வாயில் வைக்காதீர்கள். வினாத்தாளில் குறிக்கப்பட்ட அளவை ஒட்டியே எழுதுங்கள்.

9. பள்ளியில் எழுதும் ஆய்வு: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

ஏக்யூஏவில் இது 2,500 முதல் 3,000 சொற்கள். ஓர் இலக்கியப் படைப்பையும் இலக்கியமல்லாத எழுத்து அல்லது பேச்சையும் எடுத்து, ஒரு பொருளோ ஓர் உத்தியோ இரண்டிலும் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயவேண்டும். தேர்வுக்கான நூல்பட்டியலில் உள்ளதை இங்கே எடுக்கக்கூடாது. நூலின் பெயரை ஆசிரியரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கியபிறகே படிக்கத் தொடங்குங்கள்.

‘பெண்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள்’ என்பது ஆய்வுக் கேள்வி இல்லை; அது ஆயுள் முழுவதற்கும் போதுமான வேலை. ‘இந்தத் துப்பறியும் நாவலின் முதல் அத்தியாயத்திலும் காணாமல்போனவர் பற்றிய மூன்று காவல்துறை அறிவிப்புகளிலும் உறுதியின்மை எந்த மோடல் சொற்களால் கட்டப்படுகிறது’ என்பது கேள்வி. அதைப் படித்தவுடன் நாளைக் காலை என்ன செய்வது என்று தெரிகிறதல்லவா?

வேலையின் வரிசை: கேள்வி, பகுதிகளைத் தேர்வது, இரண்டு மூன்று துணைநூல்களைப் படிப்பது, அலசல், முடிவு, கடைசியாக முன்னுரை. முன்னுரையை முதலில் எழுதினால் ஆய்வு வேறு திசையில் போனபின் அதைக் கிழித்துப் போடவேண்டியிருக்கும். பேச்சைப் பதிவுசெய்து பயன்படுத்தினால் பேசியவரிடம் அனுமதி பெற்று, பெயர்களை மாற்றிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு கண்டிப்பான சொல். இது பிள்ளையின் சொந்த வேலை என்று பிள்ளையே கையெழுத்திடவேண்டும். ட்யூஷன் ஆசிரியர் திருத்தி எழுதிக் கொடுப்பதும், செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதியதைத் தன்னுடையதாகத் தருவதும் முறைகேடு. தகுதிநீக்கம்வரை போகலாம். ‘கொஞ்சம் பார்த்துத் திருத்திக் கொடுங்கள், அக்கா’ என்று என்னிடம் கேட்காத ஆண்டே இல்லை. கேள்வி கேட்பேன், பேனாவைத் தொடமாட்டேன்.

10. கடைசிப் பருவமும் தேர்வுக்கூடமும்

முன்மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யவேண்டாம். நான் அதைச் செய்து கெட்டவள். பதின்மூன்றாம் ஆண்டின் மாதிரித் தேர்வில், மனத்தில் இருந்த அழகான கட்டுரையைக் கேட்காத கேள்விக்கு எழுதிவைத்தேன். ஆசிரியை விளிம்பில் ‘நன்று. ஆனால் கேள்வி இது இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார். மனப்பாடம் செய்யவேண்டியவை சிறு மேற்கோள்களும், அவை நூலில் எங்கே இருக்கின்றன என்பதும்தான்.

நாவல், கவிதை, மறுபடைப்பு, நாடகம் ஆகியவற்றுக்கு நூலை உள்ளே வைத்துக்கொள்ளலாம். பாரிஸ் தொகுப்புக்கு மட்டும் இல்லை. வேண்டிய பகுதிகள் வினாத்தாளிலேயே இருக்கும். நூல் கையில் இருக்கிறது என்ற தெம்பில் படிக்காமல் போகிறவர்கள், தேர்வில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஏப்ரலிலிருந்து குறிப்பில்லாத பிரதியைக் கொண்டே பயிற்சி செய்யுங்கள். இடத்தைக் கண்டுபிடிக்கும் வேகம் விரலுக்கு வந்துவிடும்.

நேரத்தை மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பிரியுங்கள். முதல் தாளில் பாரிஸுக்கு ஏறக்குறைய 70 நிமிடம், நாவலுக்கு 60, கவிதைக்கு 45. மிச்சம் ஐந்து நிமிடம் திருப்பிப் பார்க்க. இரண்டாம் தாளில் மறுபடைப்புக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 80, நாடகத்துக்கு 65. பிடித்த கேள்வியில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால், கடைசிப் பிரிவு அரைகுறையாக நிற்கும்.

எழுதத் தொடங்குமுன் ஒவ்வொரு விடைக்கும் ஐந்து நிமிடமாவது திட்டமிடுங்கள்: மூன்று அல்லது நான்கு கருத்து, ஒவ்வொன்றின் எதிரே ஒரு மேற்கோள், அதன் அருகே ஓர் அடுக்கின் பெயர். நான்கும் ஒரே அடுக்கில் விழுந்திருந்தால் அங்கேயே ஒன்றை மாற்றுங்கள்.

உள்ளே கொண்டுபோகும் பிரதியில் குறிப்புகள் இருக்கக்கூடாது. பெயரளவுக்கு அழித்த பென்சில் குறியும், ஓரத்தில் மறந்துபோன ஒட்டுத்தாளும் வீண் விசாரணையில் முடியும். பள்ளியே சுத்தமான பிரதி தருமா, நீங்கள் கொண்டுவரவேண்டுமா என்று மே மாதத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாவது என்றால் புதுப் பிரதி வாங்கி, தேர்வு நாள்வரை பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள்.